அஞ்சாவது சேனல்

சில கார்கள் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே வந்துவிடும். கார் வராது, அதன் 'தொம் தொம்' வரும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும். ஜன்னல் கண்ணாடி 'ர்ர்ர்' என்று முனகும். என்ன பாட்டு என்று தெரியாது. பாடுகிறவர் ஆணா, பெண்ணா என்பதுகூடத் தெரியாது. தாளம் மட்டும் சுவரைத் தாண்டி வந்து நம் நெஞ்சுக்கூட்டில் உட்காரும்.

இந்தத் 'தொம்'முக்குப் பின்னால் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். சாதாரணக் கார் நாலரை மீட்டரைத் தாண்டாது. அதாவது, ஒரு முழு அலைக்குக் காரில் உட்கார இடம் கிடையாது. அதனால் உள்ளே இருக்கிற காற்று மொத்தமும், சைக்கிள் பம்ப்பில் அகப்பட்ட காற்று மாதிரி, சேர்ந்து அழுந்திச் சேர்ந்து விரிகிறது. வீட்டு ஹாலில் சாதுவாக இருக்கும் ஊஃபர் காருக்குள் புலியாக உறுமுவது இதனால்தான்.

அப்படியும் அதற்கு ஏன் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் என்றால், கோளாறு நம் காதில். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ளெட்ச்சர், மன்ஸன் என்று இரண்டு பேர், எந்த ஸ்தாயி எவ்வளவு பலமாக இருந்தால் மனிதக் காதுக்கு ஒரே அளவாகக் கேட்கிறது என்று ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து 1933-ல் கோடு போட்டுக் காட்டினார்கள். பேச்சு, குழந்தை அழுகை போன்ற நடுவாந்தரச் சத்தத்துக்கு நம் காது பாம்புச் செவி. அடிமட்டத்துக்குப் பாதிச் செவிடு. அந்தச் செவிட்டுக் காதுக்குச் சேர்த்துக் கத்துவதற்காகத்தான் காருக்குள் இத்தனை வாட்ஸ், இத்தனை வயர், இத்தனை வம்பு.

வம்புக்கு வருகிறேன். என் சித்தி பையன் திருவாலங்காட்டில் இருக்கிறான். அரக்கோணம் லோக்கலில் திருவள்ளூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வருகிற ஊர். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காளியோடு போட்டி போட்டு, காலைத் தலைக்கு மேல் தூக்கிச் சிவன் ஆடி ஜெயித்ததாகப் புராணம். அந்த ஆட்டத்துக்கு யார் வாசித்தார்கள், என்ன வாசித்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? காரைக்கால் அம்மையார் யோசித்திருக்கிறார். இந்த ஊரைப் பாடிய பதிகத்தில் ஒரே பாட்டுக்குள் மொந்தை, துந்துபி, குடமுழா என்று ஒரு பெரிய செட்டே இறக்கியிருக்கிறார். பெரும்பாலும் தோல் கருவிகள். குடமுழாவை இன்றும் திருவாரூர்க் கோயிலில் பார்க்கலாம். ஐந்து முகம் வைத்த பெரிய செப்புக் குடம். சப்-ஊஃபருக்கு நம் ஊரில் கொள்ளுத்தாத்தா உண்டு என்று சொல்ல வந்தேன். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அதுவும் இதே சங்கதிதான். தோலுக்குக் கனம் ஏறினால் ஸ்தாயி இறங்கும். ஊஃபர் கோனைக் கனமாகச் செய்வதும் அதற்கே.

நிற்க. பையனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க அங்கே அறை, சனிக்கிழமை சாயங்காலம் ஊர். போக வர ஒரு பழைய லான்சர் வைத்திருக்கிறான். 2003 மாடல், மூன்றாவது கை. திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் இந்தியாவுக்கான லான்சர்கள் செய்யப்பட்டன. ஆக, பொறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வயசான காலத்தைக் கழிக்கிற கார். அதன் டிக்கியில், முந்தின சொந்தக்காரர் விட்டுப்போன ஐந்து சேனல் ஆம்ப்ளிஃபையர். நாலு சேனல் நாலு கதவு ஸ்பீக்கருக்கு. அஞ்சாவது சப்-ஊஃபருக்கு மட்டும்.

"அண்ணா, நாலும் சூப்பராப் பாடுது. அஞ்சாவதுதான் மக்கர் பண்ணுது. ஸ்பீடு பிரேக்கர் ஏறினா வர்து, இறங்கினா போவுது. சவுண்டு ஏத்தினா 'பர்ர்'னு கிழியுது."

"கடையில காட்டினியா?"

"காட்டினேன். ஆம்ப் போயிடுச்சு, புதுசு போட்டுக்கோன்னுட்டான். வயரிங்கோட பதினெட்டாயிரம்."

"தொறந்து பாத்தானா?"

"இல்லண்ணா. காதை வெச்சுக் கேட்டான்."

பதினெட்டாயிரம் என்பது அவனுடைய ஒரு மாசச் சம்பளத்தில் பெரிய பாதி. கடைக்காரர் பெயர் வேண்டாம். அவரை ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன். ரிப்பேரில் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஆனால் காதை வைத்துக் கேட்டே 'போயிடுச்சு' என்று சொல்ல டாக்டருக்குக்கூட ஒரு ஸ்டெதஸ்கோப்பாவது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்டிமீட்டர், டார்ச் பேட்டரி ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றோடு போய் இறங்கினேன். சித்தி இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு டிக்கியைத் திறப்பான் என்று பையன் எதிர்பார்த்தான். நான் பானட்டைத் திறக்கச் சொன்னேன்.

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பேட்டரியில் ஆரம்பிக்க வேண்டும். கரண்ட் எங்கே புறப்படுகிறதோ அங்கே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சிவப்பு வயர் கிளம்பி, ஒரு பியூஸ் ஹோல்டருக்குள் நுழைந்து, இஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரின் துவாரம் வழியாக உள்ளே போய், கார்ப்பெட்டுக்கு அடியில் ஊர்ந்து, பின் ஸீட்டுக்குக் கீழே புகுந்து டிக்கிக்குப் போகிறது. ஹோல்டரைத் திறந்தால் உள்ளே பியூஸ் இல்லை. நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கி, மேலே சாக்லேட் பேப்பர் சுற்றி, அழகாகச் செருகியிருந்தது.

"அடிக்கடி பியூஸ் போவுதுன்னு யாரோ செஞ்சிருக்காங்க" என்றான்.

"பியூஸ் ஏன் போச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

துவாரத்தைப் பார்த்தேன். தகர விளிம்பில் வயர் உரசாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். நாலு ரூபாய் சமாசாரம். இல்லை. வயரின் பிளாஸ்டிக் தோல் பாதி தேய்ந்து, செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வயரும் கார் வயர் இல்லை; வீட்டில் தண்ணி மோட்டாருக்கு இழுக்கிற 4 ஸ்கொயர் எம்.எம். வயர்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கார் பேட்டரி 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று நினைப்பவர்கள் நிறைய. ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் அனாயாசமாகத் தூக்கிக் கொடுக்கிற பேட்டரி அது. அந்தத் தேய்ந்த இடம் தகரத்தைத் தொட்ட கணத்தில், மொத்தக் கரண்ட்டும் அந்த மெல்லிய வயர் வழியாகப் பாயும். வயர் ஹீட்டர் காயிலாகும். மேலே கார்ப்பெட், அதற்கு மேல் ஸ்பாஞ்ச் ஸீட். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? காரின் பியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு அதன் முதுகிலேயே தனி பியூஸ் உண்டு. பேட்டரி பக்கத்தில் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் இருக்கிற துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. அது குட்டையாக இருப்பது நல்லது.

பின் ஸீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். மனைவியும் ரெண்டு வயசுப் பெண்ணும். கும்மிடிப்பூண்டி பக்கம் போகும்போது குழந்தை அதில்தான் படுத்துத் தூங்குமாம். பையன் முகம் மாறிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் பேட்டரி டெர்மினலிலிருந்து அந்தச் சிவப்பு வயரைக் கழற்றித் தனியாகக் கட்டிவைத்தேன். அஞ்சாவது சேனல் கெட்டுப்போனதற்கு அன்றைக்குக் கொஞ்சம் நன்றியோடு இருந்தோம். அது ஒழுங்காகப் பாடியிருந்தால் யார் பானட்டைத் திறந்திருக்கப் போகிறார்கள்?

திருவள்ளூர் போய் 10 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், 50 ஆம்பியர் பியூஸ், மூடியோடு ஹோல்டர், ரப்பர் வளையம் எல்லாம் வாங்கி வந்து மாட்டி முடிக்க மத்தியானமாயிற்று. அதற்குப் பிறகுதான் டிக்கி.

கெட்டுப்போன ஒரு சேனலைக் கண்டுபிடிக்கும் வித்தையில் ரகசியம் ஒன்றும் இல்லை. பாட்டு ஒரு பாதையில் வருகிறது: டாஷ்போர்டு செட், ஆர்.சி.ஏ. வயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் வயர், ஊஃபர். பாதையைப் பாதியாக வெட்டு. எந்தப் பாதியில் கோளாறு என்று பார். அந்தப் பாதியை மறுபடி வெட்டு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ரெண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனால் எந்த மேஜையில் விட்டார்கள் என்று தேடுகிற அதே முறை. ஆபீஸ் போகிற எல்லோருக்கும் இது தெரியும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறது.

முதலில் ஊஃபர். அதன் ரெண்டு வயரையும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, டார்ச் பேட்டரியைக் கண நேரம் தொட்டேன். 'தொப்' என்று கோன் ஒரு தடவை வெளியே வந்து போயிற்று. மீட்டரில் 3.4 ஓம். நாலு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் நாலைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். பூஜ்யம் காட்டினால் காயில் ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. ரெண்டு உள்ளங்கையையும் கோன் மேல் சமமாக வைத்து மெதுவாக அமுக்கினேன். உரசல் சத்தம் இல்லை. ஊஃபர் யோக்கியன்.

அடுத்து, செட்டை அணைத்துவிட்டு, பின் கதவு சேனலுக்கு வருகிற ஆர்.சி.ஏ. முனையைப் பிடுங்கி சப்-ஊஃபர் துவாரத்தில் செருகினேன். கோளாறு அப்படியே இருந்தது. ஆக, செட்டும் வயரும் யோக்கியர்கள். ஊஃபர் வயரைப் பின் கதவு சேனலில் மாட்டி, குறைந்த சவுண்டில் வைத்தால் தெளிவாகப் பாடியது. ஆக, ஸ்பீக்கர் வயரும் நிரபராதி. மிச்சம் இருக்கிற சந்தேகக் கேஸ் ஒன்றே ஒன்று: ஆம்ப்ளிஃபையரின் அஞ்சாவது சேனல். மொத்தம் கால் மணி நேரம். கடைக்காரர் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோமே என்று பையன் பார்த்தான். வித்தியாசம் இருக்கிறது. 'ஆம்ப் போயிடுச்சு' என்பது வேறு, 'ஆம்ப்பில் இந்த இடம் போயிடுச்சு' என்பது வேறு.

கெயின், கிராஸ்ஓவர் குமிழ்களைத் திருகினால் 'கரகர' என்றது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருகினோம். கரகர போயிற்று. பழைய ஆம்ப்ளிஃபையரில் பாதி வியாதி இந்தக் குமிழ்களில்தான். இதோடு முடிந்துவிடுவதும் உண்டு. இங்கே முடியவில்லை. கைமுஷ்டியால் டிக்கித் தகரத்தில் ஒரு குத்து விட்டால் 'தொம்' வந்தது. இன்னொரு குத்தில் போயிற்று.

இதற்கு மேல் திறந்துதான் ஆக வேண்டும். அதற்கு ஆள் இருந்தார்.

திருவள்ளூரில் ஒரு பெரியவர். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். பெட்டிக்கடை அளவு இடம், அதில் முக்கால்வாசி செத்த டி.வி.க்கள். சைக்கிள் நாற்காலிக்கும் ஸ்டூலுக்கும் நடுவான ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபையரைக் கையில் வாங்கியதும், உடனே திறக்காமல் கேட்டார்: "எப்பலேருந்து? ரோடு மோசமான பக்கம் போவியா? தண்ணி பட்டுச்சா?"

"சர்க்கரை மில்லுக்குக் கரும்பு லாரி போற ரோடு. குலுக்கி எடுத்துரும் சார்."

"அப்ப இதுக்கு உடம்பு சரியில்லாம இல்ல. எலும்பு முறிவு" என்றார்.

நாலு ஸ்க்ரூ கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு பெரிய டோனட் மாதிரி டிரான்ஸ்ஃபார்மர். கார் ஆம்ப்ளிஃபையரின் ஹிருதயம் அது. 12 வோல்ட்டை நேராகப் போட்டால் நாலு ஓம் ஸ்பீக்கருக்கு இருபது வாட் கொடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அதனால் டி.எல்.494 என்று ஒரு சின்ன ஐ.சி., பேட்டரிக் கரண்ட்டை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்க, அது பிளஸ் முப்பது, மைனஸ் முப்பது என்று பெருக்கித் தருகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்காரர்கள் செய்த ஐ.சி.; உலகத்தில் பாதிக் கார் ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்தால் இதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அந்த வோல்ட்டேஜைப் பெரிய கப்பாஸிட்டர்கள் பிடித்து வைத்திருக்கும். வயரைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும். கை வைக்க அவசரப்படக் கூடாது.

பெரியவர் ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்தார். பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில், பிளஸ் வயரில் தொடராக அதை மாட்டினார். ரிமோட் முனைக்கு ஒரு சின்ன வயரில் 12 வோல்ட் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, ஒரு விநாடியில் மங்கி, சிவந்த இழையாக நின்றது.

"பாத்தியா? இது அணையாம எரிஞ்சா உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டு. பெரிய செலவு. மங்கிடுச்சு, அதனால பொழைச்ச."

எனக்கு இந்தப் பல்பு வித்தை ரொம்பப் பிடிக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும். பாக்கி எதுவும் எரியாது. நூறு ரூபாய்க்குள் ஒரு காவல்காரன். அடுத்து, ஊஃபர் முனைகளில் டி.ஸி. வோல்ட்டேஜ் பார்த்தார்: 15 மில்லிவோல்ட். இது வோல்ட் கணக்கில் காட்டினால் ஊஃபரை மாட்டவே கூடாது. காயில் கருகி, அடுத்த பதினெட்டாயிரம் ஆரம்பமாகும்.

பிறகு என் மொபைலிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உள்ளே கொடுத்தோம். வீட்டுக் கரண்ட்டும் அதே 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் சாதாரண மீட்டரே அதை அளந்துவிடும். இது அஞ்சாவது சேனலைத் தேடுகிறவனுக்கு மட்டும் கிடைத்த சலுகை; புல்லாங்குழல் உச்சியை அளக்கச் சொன்னால் மலிவு மீட்டர் திணறும். பெரியவர் மீட்டர் முனையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினார். உள்ளே நுழைகிற இடத்தில் அரை வோல்ட். கெயின் குமிழுக்குப் பிறகும் இருந்தது. கிராஸ்ஓவருக்கென்று ஒரு குட்டி போர்டு, தாய் போர்டின் மேல் ஆறு கால்களில் செங்குத்தாக நின்றது. குட்டியில் இருந்தது. தாயில் இல்லை.

பெரியவர் பேனா மூடியால் குட்டி போர்டை மெல்லத் தட்டினார். வந்தது. தட்டினார். போயிற்று.

நம் ஊரில் டி.வி.யைத் தட்டுவது ஒரு வைத்திய முறையாகவே இருந்த காலம் உண்டு. ஒளியும் ஒலியும் நேரத்தில் படம் உருண்டால், வீட்டில் யார் கை ராசியானதோ அவரைக் கூப்பிட்டு மண்டையில் ஒரு அறை விடச் சொல்வார்கள். படம் நிற்கும். எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஏன் நின்றது என்று பார்க்க யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பெரியவர் தட்டியது அந்தத் தட்டு இல்லை. தட்டின இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்து எனக்குக் காட்டினார். காலைச் சுற்றியிருக்கும் ஈயப் பொட்டில், தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு வட்டக் கீறல். டிரை சால்டர். காலுக்கும் ஈயத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது சமாதானம், இறங்கும்போது சண்டை.

"இதெல்லாம் ஈயம் இல்லாத ஈயம் சார். அதான் வெடிக்குது" என்றார். ஐரோப்பாவில் 2006-ல் மின்சாரச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை போட்ட பிறகு, உலகமெங்கும் தொழிற்சாலைகள் வேறு கலவைக்கு மாறியதைச் சொல்கிறார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. காரீயம் கலந்த காலத்திலும் கீறல் விட்டிருக்கிறது. கனமான குட்டி போர்டைக் காலில் மட்டும் நிறுத்தி, தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் வைக்காமல் விட்டவரைத்தான் நான் கேட்பேன். பெரியவரிடம் வாதாடவில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீறல் விட்டது விடாதது என்று பார்க்காமல் ஆறு கால்களுக்கும் புது ஈயம் வைத்தார். போர்டின் தலையில், ஆடாமல் இருக்க, ஒரு சொட்டு சிலிகான் பசை. 250 ரூபாய். நான் 300 கொடுத்தேன். 50-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காரில் மாட்டினோம். குத்தினாலும் தட்டினாலும் 'தொம்' நகரவில்லை. ஆனால் சவுண்டை ஏற்றினால் அந்த 'பர்ர்' மட்டும் இன்னும் இருந்தது. ஒரு கம்ப்ளெயின்ட்டுக்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆம்ப்ளிஃபையரின் பவர் முனைகளில் மீட்டரை வைத்து, இஞ்சினை ஓடவிட்டோம். 13.7 வோல்ட். ஒவ்வொரு 'தொம்'முக்கும் 11-க்கு விழுந்து எழுந்தது. பேட்டரியில் அளந்தால் அங்கே அவ்வளவு விழவில்லை. நடுவில் எங்கேயோ தின்கிறது. பிளஸ் வயர் புதுசு. மிச்சம் எர்த். டிக்கியில் ஒரு போல்ட்டின் கீழ் கறுப்பு வயரைக் கட்டியிருந்தார்கள். போல்ட்டைக் கழற்றினால் கீழே பெயின்ட், பெயின்ட்டுக்குக் கீழே துரு. கரண்ட் பெயின்ட் வழியாகப் போகாது. போல்ட்டின் மரை வழியாகத் திருட்டுத்தனமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தின் தடை 0.05 ஓம்தான் என்று வையுங்கள். மீட்டரே அதைச் சரியாகக் காட்டாது. ஆனால் பேஸ் அடிக்கிற கணத்தில் 40 ஆம்பியர் போனால், ரெண்டு வோல்ட் அங்கேயே காலி. கதவு ஸ்பீக்கர்கள் சாப்பிடுவது கொஞ்சம் என்பதால் அவை புகார் செய்யவில்லை. பெரிய பசிக்காரனுக்குத்தான் சாதம் பற்றவில்லை என்று தெரியும்.

உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கிற வரை தேய்த்து, பிளஸ்ஸுக்குப் போட்ட அதே கனத்தில் கறுப்பு வயர் போட்டு, இறுக்கி, மேலே துரு வராமல் கொஞ்சம் கிரீஸ் தடவினோம். 11 வோல்ட் 13 ஆயிற்று. 'பர்ர்' போயிற்று.

சித்தி உள்ளேயிருந்து "டேய், பூஜை ரூம்ல குத்துவிளக்கு நகர்றதுடா!" என்றாள்.

ஆம்ப்ளிஃபையர் மூடியில் பொன் எழுத்தில் '1200 வாட்ஸ்' என்று போட்டிருந்தது. பையனுக்கு அதில் பெருமை. எண்பது, தொண்ணூறுகளில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஒரு கணக்கு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கைக்கு அடக்கமான டூ-இன்-ஒன்னில் ஆயிரம் வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். அதற்கும் வாட்டுக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. நிஜம் வேண்டுமானால் மூடியைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பியூஸைப் பாருங்கள். இதில் 25 ஆம்பியர் பியூஸ் ரெண்டு. மொத்தம் 50. அதை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். இந்தப் பழைய வகை அதில் ஏறக்குறைய நாற்பது சதவிகிதத்தை வெறும் சூடாகத் துப்பிவிடும். உடம்பெல்லாம் அலுமினிய விலா எலும்பு வைத்திருப்பது அந்தச் சூட்டை விரட்டத்தான். வெளியே வருவது ஐந்து சேனலுக்கும் சேர்த்து 400 வாட் சொச்சம். 1200 எங்கே? பொன் எழுத்தில் இருக்கிறது.

புதுசாக வருகிற 'கிளாஸ் டி' வகைகள் இவ்வளவு சூடாவதில்லை, அளவும் பாதி. பழைய ஆம்ப்ளிஃபையரில் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் அந்த டோனட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து கருகியிருந்தால், பெரியவரைத் தேடாமல் புதுசையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பல்பு மங்கினால் ரிப்பேர், மங்காவிட்டால் யோசனை. என் கணக்கு அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆன செலவு: வயர், பியூஸ், ஹோல்டர், ரப்பர் வளையம், காண்டாக்ட் கிளீனர், பெரியவர், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். பதினெட்டில் பதினாறு மிச்சம். ரயிலுக்குக் கிளம்பும்போது பையன் ஸ்டேஷன் வரை காரில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் எதையோ சொல்ல வந்து சொல்ல வந்து நிறுத்தினான்.

"என்னடா?"

"இல்லண்ணா, அந்தப் பதினாறாயிரத்துல இன்னொரு ஊஃபர் போட்டா எப்படி இருக்கும்?"

"அல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்னு பாத்தியா?"

"பாக்கலையே."

"பாத்துட்டு போன் பண்ணு" என்றேன். இன்னும் பண்ணவில்லை.